கரையைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

பல்லேபொலயில் கடல் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் பல மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அதனால் கரைக்கான அனுமதி, மேன்முறையீடு பற்றி எழுதப் போகிறோம் என்றதும் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே சிரிப்பு. "நமக்கு எதுக்கு மச்சான் கரை? இருக்கிறது வயலும் மிளகுக் கொடியும்தானே" என்று ஒருவர் கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் மாத்தளை மாவட்டத்தின் வரைபடத்தை ஒருதடவை விரித்துப் பாருங்கள். 1976இல் பொல்கொல்லயில் மகாவலியை மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலவுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். அது மின்சாரம் தந்துவிட்டு சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்த நீர் ஏறிவரும் என்றுதான் பக்கத்து நாவுலப் பக்கம் இருக்கும் நாலந்தா கெடிகேயைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி கட்டினார்கள். அதற்கும் கீழே மொரகஹகந்த, 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கியது. வடக்கே தம்புள்ளப் பக்கம் கண்டலம. இவற்றுக்கு நடுவில் ஊருக்கு ஊர் சின்னக் குளங்கள், ஓயாக்கள், தோட்டத்துப் பீலிகள். கடல் இல்லாத மாவட்டம்தான், ஆனால் கரை இல்லாத மாவட்டம் இல்லை.

கரை இருந்தால் அங்கே வீடு கட்ட ஆள் வருவார். வீடு கட்டுபவருக்குக் கையில் ஒரு துண்டு நிலம் மட்டும் இருக்கும். ஹோட்டல் கட்டுபவருக்கோ, தண்ணீர் தெரியும் அறைக்குத் தனி விலை இருக்கும். இருவரும் ஒரே பிரதேச சபைக்குத்தான் விண்ணப்பத்தோடு போக வேண்டும். போய் என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

முதலில் கடலோரத்தைப் பார்ப்போம். அங்கே விஷயம் ஓரளவு தெளிவு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் ஒரு வலயத்தை வரைந்தது. உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர் மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். அதற்குள் கட்டட வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். தருவது ஒரே திணைக்களம். மறுத்தால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதியில்லாமல் எழுந்ததை இடிக்கவும் அந்தத் திணைக்களத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை இடிந்தது, எத்தனை தப்பியது என்பது வேறு கதை. குறைந்தபட்சம் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று தெரியும்.

உள்நாட்டுக் கரைக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் இல்லை. மகாவலி நீர்த்தேக்கம் என்றால் மகாவலி அதிகார சபை. பெரிய நீர்ப்பாசனக் குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். 80 ஹெக்டயருக்குக் குறைவான நிலத்துக்குப் பாயும் சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். ஆற்றோரத்து ஒதுக்கு நிலம் அரச காணி, அது பிரதேச செயலாளரின் மேசை. ஊரில் இதை எல்லாரும் 'ரிசவேசன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது எத்தனை மீற்றர், எங்கேயிருந்து அளப்பது என்று கேட்டால் நான்கு கந்தோரில் நான்கு பதில். மலைப்பக்கம் என்றால் மண்சரிவுக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் வேண்டும், மாத்தளை அந்தப் பட்டியலில் இருக்கும் மாவட்டம். வயலை நிரப்பிக் கட்டுவதென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் பிரதேச சபையின் திட்டமிடல் குழுவில் உங்கள் கோவை திறக்கப்படும்.

கோவை திறக்கப்படும்போது நீங்கள் அந்த அறையில் இருக்கமாட்டீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கோவை இருக்கிறது என்பதே தெரியாது.

இந்தப் 'பக்கத்து வீட்டுக்காரர்' தான் எங்கள் கட்டுரையின் நாயகர். கொஞ்சம் பொறுத்திருங்கள், அவரிடம் திரும்பி வருகிறோம். அதற்கு முதல் கண்டலம.

எங்கள் மாவட்டத்தில் கரைச் சண்டை என்றால் அதுதான். கண்டலமக் குளத்தின் மேல், பாறையோடு ஒட்டி, ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல். 1994இல் திறந்தார்கள். இன்றைக்குக் கட்டடக்கலை படிப்பவர்கள் உலகெங்கிலுமிருந்து வந்து படமெடுத்துப் போகிறார்கள், கொடி படர்ந்த அந்த முகப்பைப் பார்த்தால் எங்களுக்கும் வாய் பிளக்கத்தான் செய்கிறது. ஆனால் 1992இல் அந்தக் குளத்துக் கரையில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிக்குமாரும் சூழல் அமைப்புகளும் விவசாயிகளும் சேர்ந்து நின்றார்கள். குளத்து நீர் கெடுமா, பக்கத்து ஊர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஹோட்டல் நின்றது. பிற்பாடு அது சூழல் நேயத்துக்காகப் பரிசும் சான்றிதழும் வாங்கியது.

"பாத்தீங்களா, ஹோட்டல்காரன் சொன்னதுதான் சரி" என்று சிலர் இதை முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது போதாது. அந்த ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கு ஓர் ஒழுங்கான இடத்தில், எழுத்தில், பதில் கிடைத்ததா என்பதுதான் எங்கள் கேள்வி. எந்தெந்தத் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியலிட்ட வர்த்தமானி 1993 ஜூன் 24இல்தான் வந்தது. அதாவது சண்டை நடந்து முடிந்து, கட்டடம் எழுந்துகொண்டிருந்த நேரம். தெருவில் நிற்பதைத் தவிர அந்த மக்களுக்கு வேறு கதவு இருக்கவில்லை.

அந்த வர்த்தமானியை நேரம் கிடைத்தால் தேடி வாசியுங்கள். சுவாரசியமான ஆவணம். ஹோட்டல் என்றால் 99 அறைகளுக்கு மேல் இருந்தால்தான் மதிப்பீடு. ஆனால் அதன் மூன்றாம் பகுதி வேறொன்று சொல்கிறது: 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஓடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள், நீர்த்தேக்கத்தின் முழு நீர் மட்டத்துக்கு அப்பாலுள்ள ஒதுக்கு நிலத்துக்குள், பொது ஏரியின் உயர் வெள்ள மட்டத்திலிருந்து 100 மீற்றருக்குள் என்றால் அளவு பார்க்க வேண்டியதில்லை. பத்து அறை ஹோட்டலும் அகப்படும். ஆக, கடதாசியில் எங்கள் கரைகளுக்கும் ஒரு வலயம் இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிறது. எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

சரி, தெரிந்தது என்று வைப்போம். குளத்தோரம் ஒரு கட்டடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கழிவுநீர் எங்கே போகும் என்று அவருக்குக் கவலை, அவருடைய கிணறு அடுத்த வளவில்தான் இருக்கிறது. அவர் எங்கே போவார்?

முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடந்தால் 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஆனால் சின்னத் திட்டங்கள் பெரும்பாலும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடியும். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அந்த 30 நாள் கட்டாயமில்லை, அறிக்கையைப் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். மேன்முறையீடு? தேசிய சுற்றாடல் சட்டம் மேன்முறையீட்டு உரிமையை அனுமதி மறுக்கப்பட்டவருக்குக் கொடுக்கிறது. அவர் அமைச்சின் செயலாளரிடம் போகலாம், செயலாளரின் முடிவே இறுதி. கடலோரத்திலும் இதே வழிதான், விண்ணப்பித்தவர் செயலாளரிடம் போவார். அனுமதி கொடுக்கப்பட்டதால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்தக் கதவு இல்லை.

இது எங்களுக்கு மிகவும் கோணலாகப் படுகிறது. கட்ட விரும்புகிறவர் 'வேண்டாம்' என்ற பதிலைக் கேள்வி கேட்கலாம். பக்கத்தில் வாழ்கிறவர் 'சரி' என்ற பதிலைக் கேள்வி கேட்க முடியாது. அவர் கேட்க வேண்டுமென்றால் நேரே நீதிமன்றம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு. பிந்தையதை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இரண்டும் கொழும்பில். பல்லேபொலயிலிருந்து புதுக்கடைக்கு விடியற்காலை பஸ், வக்கீல் கூலி, அன்றைய நாட்கூலி போச்சு, திகதி தள்ளிப்போனால் மறுபடியும் பஸ்.

நீதிமன்றம் பயனில்லை என்று சொல்லவரவில்லை. காலி முகத்திடலை ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்போன ஒப்பந்தத்தை எதிர்த்து 2004இல் ஒரு சூழல் அமைப்பு போட்ட வழக்கில், தகவலை மறைத்தது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2005இல் சொன்னது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில், 2000இல், இயற்கை வளத்தை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது என்றது. பெரிய தீர்ப்புகள். ஆனால் ஒரு கிணற்றுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் ரிட் அதிகாரம் இருக்கிறதே என்று சட்டம் படிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது, மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு. ஆனால் 2013 செப்டெம்பரில் ஸ்டபோர்ட் தோட்டக் காணி வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தலை எதிர்த்துக் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் கேட்க முடியாது, அரச காணி மாகாணத்தின் அதிகாரத்துக்குள் வராது என்றது. அதிகாரப் பகிர்வு பற்றிய கூட்டங்களில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாதவர் இல்லை. ஆற்றோரத்துக் குடிசைக்காரருக்கு அதன் அர்த்தம் மிகச் சின்னது: கண்டிக்குப் போகலாமென்று இருந்த வழியும் கொழும்புக்கு நீண்டுவிட்டது.

குடிசைக்காரரின் நிலை பக்கத்து வீட்டுக்காரரைவிட மோசம். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் அவருக்கு அறிவித்தல் வந்தால், நீதவான் முன்னால் அவர் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு கொடுத்த செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம். முப்பது வருசமாக இருக்கிறோம், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், வேறு இடம் இல்லை, இதொன்றும் அங்கே பேச்சே இல்லை. அனுமதிப்பத்திரம் இருந்தால் அவர் ஏன் ஆற்றோரத்தில் குடிசை போடுகிறார்?

இப்படிச் சொன்னதும் "அப்ப ஆத்தோரத்தில எல்லாரும் கட்டட்டும் என்றா சொல்றீங்க?" என்று கேட்பார்கள். இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. மலை இறங்கியது, ஓயாக்கள் தங்கள் பழைய அகலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன. அதைக் கண்ட பிறகு ஒதுக்கு நிலம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. கோடு வேண்டும். கோட்டை யார் மேல் எப்படிப் பிரயோகிக்கிறோம் என்பதில்தான் சண்டை.

ஏனென்றால் ஒருதடவை பார்த்துவிட்டோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசு இடைவலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு திரும்பக் கட்டக்கூடாது. ஹோட்டல்களுக்கு விலக்கு இருந்தது. மருதமுனை, சாய்ந்தமருது போல, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியடித்து வாழும் ஊர்களில் 200 மீற்றர் என்றால் ஊரில் கணிசமான துண்டு. மீனவருக்கு வள்ளம் ஓரிடம், வீடு இன்னோரிடம். வலயத்துக்கு வெளியே முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபா கொடுத்தார்கள், கட்டத் தொடங்கலாம். உள்ளே இருந்தவர்கள், யாரோ எங்கோ கட்டித்தரும் வீட்டுக்காகக் கூடாரத்தில் காத்திருந்தார்கள். என் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது, தண்ணீர் வரவேயில்லை, அளந்து பாருங்கள் என்று போய்க் கேட்க ஒரு மேசை இருக்கவில்லை. 2005 முடிவதற்குள் தளர்த்தி, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்த, இடத்துக்கு இடம் மாறும் தூரங்களுக்கே திரும்பினார்கள். ஒரு வருசம் வீணாகப் போனது. அதைவிட மோசம், 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லையே மக்கள் சந்தேகத்தோடு பார்க்கப் பழகினார்கள். டித்வாவுக்குப் பிறகு அதே சொல் மலைநாட்டுக்கு வரும்போது, எங்களுக்கு உள்ளுக்குள் பக்கென்கிறது.

வேறு எப்படிச் செய்யலாம்? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஏரிகள் ஏராளம். 1971இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: பெரிய ஏரி, ஆறு, கடல் ஓரம் என்றால் 250 அடிக்குள் என்ன கட்டலாம் என்று ஒவ்வொரு ஊரும் தானே விதி எழுதி நடத்த வேண்டும், மாநிலம் சொல்லும் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. அனுமதி கொடுப்பதும் ஊர். மேன்முறையீட்டைக் கேட்பதும் அதே ஊர்க்காரர்கள் அடங்கிய ஒரு சபை. எங்களைக் கவர்ந்தது அதன் ஒரு வரையறை: 'பாதிக்கப்பட்டவர்' என்றால் விண்ணப்பித்தவர் மட்டுமில்லை, பக்கத்துக் காணிக்காரரும் அதில் வருகிறார். அனுமதி கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும் அவர் மேன்முறையிடலாம். விதியிலிருந்து யாருக்காவது விலக்குக் கேட்டால் அந்த விண்ணப்பத்தின் பிரதி மாநிலச் சூழல் திணைக்களத்துக்கும் போக வேண்டும், ஊருக்குள் மூடி முடிக்க முடியாது. அங்கேயும் காசுள்ளவர் ஏரியோரத்தில் மாளிகை கட்டத்தான் செய்கிறார், சொர்க்கம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறோம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் சென்னை. இந்தியா 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சூழல் அனுமதி கொடுக்கப்பட்டதால் பாதிக்கப்பட்ட எவரும் 30 நாட்களுக்குள் மேன்முறையிடலாம். தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. அதற்கும் ஆயிரம் குறை சொல்வார்கள். இலங்கையில் குறை சொல்லவாவது அப்படி ஒன்று இல்லையே.

எங்களோடு உடன்படாத ஒரு தோழியின் வாதத்தையும் இங்கே வைக்கிறோம், அது பலமானது. "பக்கத்து வீட்டுக்காரருக்கு மேன்முறையீடு கொடுத்தா, கோபக்காரன் ஒருத்தன் ஏழைக்கு வீடு கட்டவே விடமாட்டான். சாதியைப் பாப்பான், இனத்தைப் பாப்பான்." உண்மை. நாங்களும் ஊரில்தான் இருக்கிறோம், வேலிச் சண்டை என்னவென்று தெரியும். அதனால் எல்லாக் கட்டடத்துக்கும் இதைக் கேட்கவில்லை. ஒதுக்கு நிலத்தைத் தொடும் விண்ணப்பங்களுக்கும், விதியிலிருந்து விலக்குக் கேட்கும் விண்ணப்பங்களுக்கும் மட்டும். நீர், கழிவு, வெள்ளம், வழி என்ற காரணங்களுக்கு மட்டும். முப்பது நாள் கெடு, அதற்குள் பதில், காரணம் எழுத்தில். குடியிருக்கும் வீட்டை அகற்றுவதென்றால் மாற்று இடம் காட்டிய பிறகுதான். அவருக்கும் அதே மேசையில் மேன்முறையீடு, மாவட்டத்துக்குள்ளேயே. இப்படிச் சுருக்கினாலும் அவர் முழுதாகச் சமாதானமாகவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

தோட்டத்து மக்கள் இந்தப் படத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பது இன்னும் சிக்கல். லயம் எங்கே கட்டுவது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை, ஓடையோரமோ மண்மேட்டின் கீழோ, துரைமார் காட்டிய இடம். காணி அவர்கள் பெயரில் இல்லை, ஆகவே விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்பிக்காதவருக்கு மறுப்பில்லை, மறுப்பில்லாதவருக்கு மேன்முறையீடில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வந்து வேலை செய்யச் சட்டம் இடம் கொடுத்ததே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான். காணி உறுதி இல்லாமல் 'கரையோர விதி' என்று பேசுவது இவர்களுக்கு ஒரு கெட்ட நகைச்சுவை.

பிறகு மொழி. மத்திய மாகாணத்தில் நிர்வாகம் சிங்களத்தில் நடக்கிறது, அதில் பிரச்சினையில்லை. ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும், பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் நமக்கு உரிமை தருகிறது. பல்லேபொலயில் தமிழ் பேசுகிறவர்கள் சின்னத் தொகைதான். சின்னத் தொகை என்பதால் கேட்கவும் கூச்சப்படுகிறோம், சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். என்னத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று வீட்டுக்கு வந்துதான் கேட்பது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் கேள்வி கேட்க உறுப்பினரே இல்லை. இப்போது இருக்கிறார்கள். தகவலுக்கான உரிமைச் சட்டமும் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. கவனித்தீர்களா, தகவலுக்கு இரண்டு படி மேன்முறையீடு இருக்கிறது, கிணற்றுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே தகவலிலிருந்து தொடங்குகிறோம். எங்கள் பிரதேச சபைக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். கடந்த ஐந்து வருடங்களில் குளம், ஓயா, நீர்த்தேக்க ஒதுக்கு நிலத்தைத் தொட்ட கட்டட விண்ணப்பங்கள் எத்தனை? எத்தனைக்கு அனுமதி, எத்தனைக்கு மறுப்பு? மறுத்ததற்கான காரணம் எழுத்தில் கொடுக்கப்பட்டதா? அனுமதித்தவற்றில் எத்தனைக்கு மற்றத் திணைக்களங்களின் பரிந்துரை கோவையில் இருக்கிறது? விலக்கு ஏதும் வழங்கப்பட்டதா, யாருடைய தீர்மானத்தில்? அகற்றும் அறிவித்தல் எத்தனை, அதில் வீடு எத்தனை, வியாபாரக் கட்டடம் எத்தனை? நாவுல, கலேவெல, உக்குவெல, றத்தோட்டப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளை அப்படியே எடுத்து, சபையின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வராவிட்டால் எத்தனையாம் நாள் என்று எழுதுங்கள்.